‘உழவுப் பந்தயம்’ சரியான சொல்லா?

மடல் 1: கோவையிலிருந்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சிறுவர்களுக்கான வேளாண்மைக் களஞ்சியம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் அயர்லாந்தைப் பற்றிய பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ‘பிளவ்விங் மேட்ச்’, அதாவது நிலம் உழுவதில் ஒரு போட்டி, என்று இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பரில் மூன்று நாள் நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் இரண்டு இலட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் போட்டி என்ற சொல்லையும் விட்டுவிட்டு, ‘உழவுக்குப் போகிறோம்’ என்பதைப்போல ‘தி பிளவ்விங்’ என்றே சொல்கிறார்களாம்.

நான் ‘உழவுப் பந்தயம்’ என்று எழுதி, படம் வரைபவருக்கு அனுப்பினேன். அவர் வரைந்து தந்த படத்தில் இரண்டு குதிரைகள் நுரை தள்ள நான்கு கால் பாய்ச்சலில் ஓடுகின்றன. பின்னால் உழவர் சாட்டையும் கையுமாகப் பறக்கிறார். கலப்பை தரையில் இல்லை. அவர்மீது குற்றமில்லை, நான் கொடுத்த சொல் அப்படி. நல்ல சொல் ஒன்று வேண்டும். அச்சுக்கு இரண்டு வாரம் இருக்கிறது.

மடல் 2: மதுரையிலிருந்து

‘ஏரோட்டப் போட்டி’ என்று வைத்துக்கொள்ளலாமே. நமக்கு ரேக்ளா இருக்கிறது, கன்னடக் கடற்கரையில் எருமைகளை ஓட்டும் கம்பளா இருக்கிறது, கேரளத்தில் மாடுகளை ஓட்டும் மரமடி இருக்கிறது. எல்லாம் ஒரே குடும்பம்தான். படம் வரைபவரிடம் கலப்பையை மட்டும் தரையில் இறக்கச் சொல்லுங்கள்.

மடல் 3: மன்னார்குடியிலிருந்து

மதுரை நண்பர் மன்னிக்க வேண்டும். ஒரே குடும்பம் இல்லை, ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை.

கம்பளாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘நேகிலு’ என்று ஒரு பிரிவு உண்டு. நேகிலு என்றால் கன்னடத்தில் கலப்பைதான். எருமைச் சோடியின் பின்னால் கலப்பை வடிவில் ஒன்றைப் பூட்டிச் சேற்றுத் தடத்தில் விரட்டுவார்கள். முந்தியது எது என்பதுதான் கணக்கு. ஓட்டம் முடிந்ததும் சேற்றில் என்ன கோடு விழுந்தது என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘கனெ ஹலகெ’ பிரிவில் தண்ணீர் எவ்வளவு உயரம் தெறித்தது என்று பார்ப்பார்கள். அதுவும் உழவு ஆகாது. மரமடியும் வயலில் மாட்டை விரட்டும் ஓட்டம்தான்.

நம் கோவை அம்மா கேட்பது இதற்கு நேர் எதிரான விளையாட்டு. அங்கே முந்துகிறவனுக்குப் பரிசு இல்லை. நேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவர்கள் ஆளையும் பார்ப்பதில்லை, குதிரையையும் டிராக்டரையும் பார்ப்பதில்லை. உழுதவன் வெளியேறிய பிறகு கிடக்கும் மண்ணைப் பார்க்கிறார்கள். சால், அதாவது கலப்பை கீறிய பள்ளம், நேராக இருக்கிறதா, ஆழம் ஒரே சீராக இருக்கிறதா, புல்லும் அறுத்த பயிரின் தாளடியும் மண்ணுக்குள் முழுதாகப் புதைந்தனவா, கலப்பை மண்ணில் இறங்கிய இடமும் ஏறிய இடமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, இவற்றுக்குத்தான் மதிப்பெண். சாலைக் கையால் தொட்டுச் சரிசெய்தால் மதிப்பெண் போகும்.

எங்கள் தாத்தா முதல் சால் ஓட்டும்போது எதிர் வரப்பில் இருந்த ஒற்றைப் பனையைத்தான் பார்ப்பார். மாட்டையும் பார்க்க மாட்டார், கொழுவையும் பார்க்க மாட்டார். ‘கண்ணைப் பனையில் கட்டு, கை தானே போகும்’ என்பார். உலகப் போட்டிக்குப் போகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். வயலின் மறுகோடியில் குறிக்கம்புகளை நட்டு, ஒரு கம்பு மற்றொன்றை மறைக்கும்படி கண்ணால் கோடு பிடித்து, அந்தக் கோட்டில் முதல் சாலை ஓட்டுகிறார்கள். முதல் சால் கோணினால் மற்றதெல்லாம் கோணும்.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெக்ஸ்டர் என்ற சிற்றூரில் தேசிய உழவுப் போட்டி நடந்தது. தேர்தல் நேரம். அதிபர் ஹாரி ட்ரூமன் அங்கே போய் பல்லாயிரக்கணக்கான உழவர்களிடம் பேசினார். தனக்கு நேராகச் சால் ஓட்டத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அதற்குச் சாட்சி தன் தாயார், ஆனால் அவர் பாரபட்சமான சாட்சி என்றும் சேர்த்துக்கொண்டார். வேகமாக உழுவேன் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கூட்டத்தில் சிரிப்பு வாங்கக்கூட நேர்ச்சால்தான் தேவைப்பட்டது.

ஆகவே ‘ஓட்டம்’ கூடாது, ‘பந்தயம்’ கூடாது. சொல்லின் முதுகெலும்பு ‘சால்’ ஆக இருக்க வேண்டும். என் முன்மொழிவு: உழவுசால் போட்டி.

மடல் 4: நெல்லையிலிருந்து

மன்னார்குடி ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். எனக்கு மூன்று தடைகள்.

எங்கள் பக்கம் சால் என்றால் கமலையில் தண்ணீர் இறைக்கிற சால்தான் முதலில் நினைவுக்கு வரும். நெல் கொட்டி வைக்கிற பெரிய பானைக்கும் அதே பெயர். பிள்ளைகள் குழம்புவார்கள். அடுத்தது, ‘பந்தயம்’ என்பதை இவ்வளவு அவமதிக்க வேண்டுமா? அயர்லாந்தில் இந்த விழா பிறந்ததே ஒரு சவாலில்தான் என்று படித்திருக்கிறேன். மூன்றாவது, இலக்கியத்தில் அழகான சொற்கள் கிடக்கும்போது ஏன் இவ்வளவு எளிய சொல்? ‘ஏர்க்களம்’ என்று வைத்தால் என்ன? ‘ஏர்மங்கலம்’ சிலம்பிலேயே இருக்கிறதே.

மடல் 5: மன்னார்குடியிலிருந்து

கடைசித் தடையிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எளிது. களம் என்றால் உழவனுக்கு நெல்லடிக்கிற இடம். உழவின் தொடக்கத்தை அறுவடையின் பெயரால் அழைத்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஏர்மங்கலம் நாடுகாண் காதையில் ஏரோடு நின்றவர்கள் பாடும் பாட்டு. சித்திரையில் நல்லேர் பூட்டும்போது ஊரே சேர்ந்து உழுகிறோமே, அந்த மனநிலை. முன்னேர் போன வழியில் பின்னேர் போகும். அங்கே யாரும் யாரையும் வெல்வதில்லை. அந்தச் சொல்லைப் போட்டிக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சவால் பற்றி நீங்கள் படித்தது உண்மைதான். கில்டேர் மாவட்டத்து ஜே. ஜே. பெர்கினும் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்து டெனிஸ் ஆலனும் எந்த மாவட்டத்து உழவன் சிறந்தவன் என்று வாக்குவாதம் செய்தார்கள். அதைத் தீர்க்க 1931 பிப்ரவரி 16 அன்று அதாய் ஊருக்கு அருகே வயலில் இறங்கினார்கள். ஒன்பது மாவட்டங்கள் கலந்துகொண்டன, எல்லாம் குதிரை ஏர். ஆனால் அவர்கள் சவால் விட்டது யார் சிறப்பாக உழுவான் என்று. தமிழில் ‘பந்தயம்’ என்றதும் படம் வரைபவர் குதிரையைப் பாயவிட்டுவிட்டாரே, அதைவிட வேறு சான்று வேண்டுமா?

இதன் வேர் இன்னும் பழையது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் ஸ்மால் என்ற பெர்விக்‌ஷயர் கைவினைஞர் புதுக் கலப்பை ஒன்றைச் செய்தார். அதுவரை இருந்த பழைய கனத்த கலப்பைக்கு எருதுகளைச் சரம் சரமாகப் பூட்ட வேண்டும். ஓட்டவும் அமுக்கவும் ஆட்கள் வேண்டும். புதியதற்கு இரண்டு குதிரை, ஓர் ஆள் போதும். இப்படிப்பட்ட புதுக் கலப்பைகளையும் நல்ல உழவையும் ஊர் ஊராகப் பரப்ப நிலவுடைமையாளர்களும் வேளாண் சங்கங்களும் கண்ட வழிதான் இந்தப் போட்டி. வென்ற பண்ணையாளுக்குப் பதக்கம். இங்கிலாந்தில் இதே சங்கங்கள், ஊராரின் ஏழை நிதியைத் தொடாமல் அதிகப் பிள்ளைகளை வளர்த்த கூலித் தொழிலாளிக்கும் பரிசு கொடுத்தன. நேராக உழு, வாயை மூடிக்கொண்டு பிள்ளை வளர், இந்தா உனக்குச் சில ஷில்லிங். எனக்கு அந்தப் பகுதி கசக்கிறது. ஆனால் கூலியாள் தன் கைத்திறனை ஊர் முன்னால் நிறுத்திக் காட்ட ஒரு நாள் கிடைத்தது என்பதையும் மறுக்க முடியாது. அன்று குதிரையின் பிடரி மயிரைப் பின்னி, நாடா கட்டி, பித்தளை அணிகளைத் தேய்த்து மின்னவைத்துக் கொண்டுவருவான். அலங்காரத்துக்கும் தனிப் பரிசு உண்டு. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் அடிக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது சால். தண்ணீர்ச் சாலோடு குழப்பம் வரும் என்பதால்தான் வெறும் ‘சால்’ என்னாமல் ‘உழவுசால்’ என்றேன். ‘படைச்சால்’ என்றும் பழைய சொல் உண்டு, ஆனால் இன்றைக்குப் படை என்றால் சிப்பாய்தான் தெரிவான். ஏர் பின்னால் நடந்து சாலில் கடலை போட்ட பெண்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சொல் சாகவில்லை.

உண்மையான சிக்கல் வேறு ஒன்று. நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறும், புரட்டாது. இரண்டு சாலுக்கு நடுவே உழாத மண் நிற்கும். அதனால்தான் நெட்டுழவுக்கு மேல் குறுக்குழவு. அவர்களுடைய கலப்பை மண்ணைச் சீவித் தலைகீழாகக் கவிழ்க்கும். ஆங்கிலத்தில் பள்ளத்துக்கும் கவிழ்ந்த மண்ணுக்கும் ஒரே சொல்லையே பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். நமக்குச் சால் என்பது பள்ளம் மட்டும். கவிழ்ந்து வரிசையாகச் சாய்ந்து கிடக்கும் அந்த நீள மண்ணுக்குப் பெயர் வேண்டும். ‘புரட்டு’ என்று யாராவது சொல்வதற்குமுன் நானே தடுத்துவிடுகிறேன்: ‘உலகப் புரட்டுப் போட்டி’ என்றால் நம்மவர்கள் பதக்கமே வாங்கிவிடுவார்கள். பாளம் பாளமாக மண் பெயர்ந்தது என்கிறோம் அல்லவா? பாளம் போதும். சாலின் நேர்மை, பாளத்தின் சீர். இரண்டையும் தனித்தனியே சொல்ல முடிகிறது.

மடல் 6: சேலத்திலிருந்து

குறுக்கிடுகிறேன். போட்டியாளர் ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்கும் துண்டு நிலத்துக்கு ‘விளா’ பொருந்தும். உழும்போது ஒரு சுற்றாக வளைத்துக்கொள்ளும் பகுதிக்கு அதுதான் பெயர். ‘விலா’ என்றும் சிலர் எழுதுகிறார்கள்; உடம்பு எலும்போடு குழம்பாதிருக்க ளகரமே நல்லது.

இன்னொன்று. சிறுவர் நூல் என்பதால் ஆர்க்னி தீவுகளைச் சேர்க்க வேண்டும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே சவுத் ரொனால்ட்சே தீவில் ஆகஸ்டில் நடக்கிறது. சிறுமிகள் குதிரை வேடம் போட்டு வருகிறார்கள். கழுத்துப்பட்டை, மணிகள், குஞ்சங்கள், கணுக்காலில் குதிரைக்கு இருப்பதுபோல மயிர்க்கற்றை, எல்லாம் உண்டு. சிறுவர்கள் கடற்கரைக்குப் போய், பாட்டன் காலத்துக் கையளவு கலப்பைகளால் ஈர மணலில் ஆளுக்கொரு சின்ன விளாவை உழுகிறார்கள். முழங்காலில் நகர்ந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுக்கிறான் பையன். பெரியவர்களான நடுவர்கள் குனிந்து, பெரிய வயலைப் பார்க்கிற அதே முகத்தோடு அந்த மணலைப் பார்க்கிறார்கள். அடுத்த அலையேற்றத்தில் எல்லாம் போய்விடும்.

மடல் 7: மன்னார்குடியிலிருந்து

விளா அருமை. எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வெட்கமாக இருக்கிறது. அப்படியானால் நடைமுறையையும் பெயரிட்டு முடித்துவிடலாம். முதலில் இரண்டு மெல்லிய சால்களை ஓட்டி மண்ணை இரு பக்கமும் பிளந்து தள்ளுகிறார்கள், அது விளாப்பிளப்பு. பிறகு அந்த மண்ணையே திரும்ப உள்ளே கவிழ்த்து எழுப்பும் நடுமேடு முகடு. முகட்டின் இரு பக்கமும் சுற்றிச் சுற்றி உழுது, கடைசியில் பக்கத்து ஆளின் எல்லையை ஒட்டி ஒரே ஒரு குறுகிய பள்ளத்தோடு முடிக்க வேண்டும், அது கடைச்சால். கடைமடை தெரிந்தவர்களுக்குக் கடைச்சால் தானாக விளங்கும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்.

உலகப் போட்டிக்கும் இரண்டு வரி எழுதுங்கள். இங்கிலாந்தின் வொர்கிங்டன் ஊர்க்காரர் ஆல்ஃபிரெட் ஹாலின் முயற்சியால் 1952இல் உலக உழவு அமைப்பு உருவானது. முதல் போட்டி 1953இல் கனடாவின் கோபர்க்கில் நடந்தது; அந்நாட்டு ஜேம்ஸ் எக்கிள்ஸ் பொற்கலப்பைப் பரிசை வென்றார். அடுத்த மூன்று ஆண்டும் தொடர்ந்து வட அயர்லாந்தின் ஹியூ பார். உலகப் போர் ஓய்ந்து அதிகக் காலம் ஆகாத நேரம் என்பதால், அமைதி வயலை உழட்டும் என்ற பொருளில் இலத்தீன் வாசகம் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். போட்டி நடத்தும் நாட்டில் கற்களை அடுக்கி அமைதிக் குவை ஒன்றும் எழுப்புகிறார்கள். தாளடி நிலத்தில் ஒரு நாள், புல்தரையில் ஒரு நாள் உழ வேண்டும்.

மடல் 8: நெல்லையிலிருந்து

ஏர்க்களத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தலைப்பில் ‘உழவுசால் போட்டி’ என்று போட்டாலும், முதல் வரியிலேயே ‘இது ஓட்டப் பந்தயம் அல்ல’ என்று எழுதிவிடுங்கள். பிள்ளைகளுக்காக இல்லை, வாங்கிக் கொடுக்கிற அப்பாக்களுக்காக.

மடல் 9: கோவையிலிருந்து

அனைவருக்கும் நன்றி. உழவுசால் போட்டி, விளா, விளாப்பிளப்பு, முகடு, பாளம், கடைச்சால், ஆறும் அருஞ்சொல் பட்டியலில் ஏறிவிட்டன. ஆர்க்னிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

படம் வரைபவருக்கு மடல் 3ஐ அப்படியே அனுப்பினேன். இன்று காலை புதுப் படம் வந்தது. குதிரைகள் நடக்கின்றன. உழவரின் முதுகு மட்டும் தெரிகிறது, தலை கொஞ்சம் சாய்ந்து தொலைவில் இருக்கும் கம்பைப் பார்க்கிறது. பின்னால் சால் நூல் பிடித்தாற்போல் கிடக்கிறது. ஒரே ஒரு குறை: சாலில் புழு பொறுக்க நம் ஊர் வெள்ளைக் கொக்குகளை இறக்கிவிட்டிருக்கிறார். அங்கே ஏர் பின்னால் வருவது கடற்காக்கை. நல்லவேளை, அதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது.