பூர்டாங்கே கோட்டையில சந்திச்ச குருநகர் ஐயா

நான் யாழ்ப்பாணம், இப்ப நெதர்லாந்தில குரோனிங்கனில மாஸ்டர்ஸ் படிக்கிறன். போன சித்திரையில ஒரு சனிக்கிழமை பூர்டாங்கே எண்ட இடத்துக்குத் தனியா வெளிக்கிட்டன். ஜேர்மன் எல்லைக்குக் கிட்ட, வயலுகளுக்கு நடுவில ஒரு சின்னக் கிராமம், ஆனா அந்தக் கிராமமே ஒரு கோட்டைக்குள்ளதான் இருக்கு. மேலால எடுத்த படம் பாத்தியள் எண்டா அஞ்சு மூலை, சுத்திவர அகழி. எங்கட யாழ்ப்பாணக் கோட்டையும் அஞ்சு மூலைதானே, அதாலதான் கட்டாயம் பாக்கவேணும் எண்டு கிடந்தது.

1580 இல, ஸ்பானியரை எதிர்த்துச் சண்டை பிடிச்ச ஒல்லாந்தத் தலைவர் வில்லியம் ஒஃப் ஒரேஞ்ச் கட்டச் சொல்லி 1593 இல வேலை முடிஞ்சதாம். அப்ப குரோனிங்கன் ஸ்பானியரிட்ட கையில, ஜேர்மனியில இருந்து அங்க போற பாதை சதுப்புக்குள்ளால போகுது, அந்தப் பாதையை மறிக்கத்தான் இது. 1672 இல ஜேர்மனியில இருந்து மியூன்ஸ்டர் பிஷப் படையோட வந்து கோட்டையை விட்டா 2 லட்சம் கில்டர் தாறன் எண்டு கேக்க, உள்ளுக்கிருந்த தளபதி என்னட்ட 2 லட்சம் குண்டு இருக்கு எண்டு சொன்னவராம் எண்டு ஒரு கதை இருக்கு. எங்கட கோட்டையை 1658 இல மாசக்கணக்கா முற்றுகை போட்டுப் போர்த்துக்கேயரிட்ட இருந்து பிடிச்ச ஒல்லாந்தர், 1795 இல சண்டையே இல்லாம இங்கிலீஷ்காரரிட்டக் குடுத்திட்டுப் போனவை எண்டது அந்த நேரம் ஞாபகம் வந்தது.

உள்ளுக்குப் போனா வீடுகள், யன்னல் சீலை, வாசலில சின்னப்பிள்ளையின்ர சைக்கிள். சனம் உண்மையாவே குடியிருக்கு. கொத்தளத்தில ஏறி நிண்டு அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்து, அம்மா இஞ்ச பாருங்கோ கோட்டைக்குள்ள ஆக்கள் இருக்கினம் எண்டு சத்தமாச் சொல்ல, அம்மா கேட்டா, "கோட்டைக்குள்ளயோ? பயமில்லாமலோ?" எண்டு. அவவுக்குக் கோட்டை எண்டா ஷெல் வந்த திசை. எனக்கு அது பின்னேரத்தில ஐஸ்கிறீம் குடிச்சிட்டுப் போய்ப் பண்ணைக் கடலைப் பாக்கிற இடம்.

கோலை வைக்கவும் பின்னால ஒரு குரல், "பிள்ளை, ஊரில எவ்விடம்?"

குருநகர் ஐயா ஒருத்தர், மனுசி, மகள், பேரப்பிள்ளையளோட ஜேர்மனியில இருந்து வந்திருக்கினம். 1984 இல வெளிக்கிட்டவர், பிறகு ஊருக்குப் போகவே இல்லையாம். அந்த அம்மா உடன சாப்பாட்டுப்பெட்டியைத் திறந்து ரோல்ஸ் எடுத்துத் தந்தா, சாப்பிட்டனீரோ எண்டு கூடக் கேக்கேல்ல. முற்றவெளி, முனியப்பர் கோயில், ரீகல் தியேட்டர் எண்டு கொஞ்ச நேரம் கதைச்சிட்டு ஐயா கேட்டார், "கோட்டைக்கு உள்ளுக்குப் போனனீரோ? அந்தத் தேவாலயம் எப்பிடி இருக்கு?"

அவர் படிக்கேக்க பள்ளிக்கூடத்தால பெர்மிஷன் எடுத்துக் கூட்டிக்கொண்டு போனவையாம். 1706 இல ஒல்லாந்தர் கட்டின தேவாலயம், நிலத்தில அவையின்ர கல்லறைக் கல்லுகள் எழுத்து வெட்டினபடி பதிச்சிருக்கும், வெறுங்காலோட நடக்கக் குளிரும் எண்டார். நான் கண்டது முருகைக்கல் குவியலைத்தான். 1990 இல கோட்டைக்குள்ள ஆமி இருக்க, புலிகள் போட்ட முற்றுகையோட எல்லாம் போச்சு. உடைஞ்சது எண்டு அவர் கேள்விப்பட்டிருக்கிறார், படம் பாக்கேல்லையாம்.

என்ர போனில சிநேகிதப் பிள்ளையளோட எடுத்த செல்ஃபி ஒண்டு இருந்தது, பின்னால அந்தக் குவியல். குடுத்தன். அவர் ரெண்டு விரலால பெருசாக்கி எங்கட முகங்களை எல்லாம் வெளியில தள்ளிட்டு அந்தக் கல்லுகளை மட்டும் பாத்தார். கனநேரம் பாத்திட்டு, இது வாசல் பக்கமா இருக்கவேணும், நீங்கள் நிக்கிற இடத்திலதான் எங்களை வரிசையா நிப்பாட்டினவை எண்டார். அந்த இடத்தில நான் எத்தினையோ தரம் நிண்டிருக்கிறன், வாசல் எண்டு ஒண்டு இருந்ததா ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை.

பூர்டாங்கேயையும் 1851 இல கைவிட்டு, பிறகு தோட்டம் துரவாக் கிடந்ததாம். 1960களுக்குப் பிறகுதான் 1742 ஆம் ஆண்டு இருந்த மாதிரியே திருப்பிக் கட்டினவை. பழைய வரைபடங்கள் இருந்தபடியால முடிஞ்சுது. எங்கட தேவாலயத்தையும் அப்பிடிக் கட்டவேணும் எண்டு அந்த அம்மா சொன்னா, ஐயா இல்லை, கல்லு கிடக்கிறபடி கிடக்கட்டும், நடந்தது தெரியவேணும் எண்டார், ரெண்டு பேரும் அதிலயே வாக்குவாதப்பட வெளிக்கிட்டிட்டினம். நான் ஐயாவின்ர பக்கம். எங்கட கோட்டை மதில் திருத்தினது நல்ல வேலை, அதை நான் குறை சொல்லமாட்டன், ஆனா தேவாலயம் குவியலாவே இருக்கவேணும், 1990 இல நடந்ததுக்கு அந்தக் கல்லுகள்தான் சாட்சி. கட்டுறதோ விடுறதோ, அதுக்கு முதல் உள்ளுக்குப் போய்ப் பாத்த ஆக்களிட்டக் கேட்டு எழுதி வைக்கவேணும், அவைக்கு இப்ப அறுபது எழுபது வயசு.

உங்கட வீட்டிலயும் 90க்கு முதல் அந்தத் தேவாலயத்துக்குள்ள போன ஆக்கள் இருந்தா கேட்டு இதில எழுதுங்கோ, சின்ன விசயம் எண்டாலும் பரவாயில்லை. அண்டைக்கு இரவே அம்மாட்டக் கேட்டன், அவ போகேல்லையாம், பெரியப்பா போனவராம். வாற ஞாயிறு அவரோட கதைக்கிறதா இருக்கிறன்.