எஃப்ஜிடிக்குப் பின் பாதரசம் கூடுகிறது, என்ன செய்யலாம்?

மேற்குக் கடற்கரையில் 660 மெகாவாட் அனல்மின் அலகு. எரிப்பது இந்தோனேசிய நிலக்கரி. சாம்பலுக்கு இஎஸ்பி (மின்புலத்தால் சாம்பலைப் பிடிக்கும் கருவி), அடுத்து சுண்ணாம்புக்கல் கரைசல் தெளித்துப் புகையின் கந்தக டைஆக்சைடை நீக்கும் எஃப்ஜிடி. மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஒரு வினோதம்: எஃப்ஜிடிக்குள் நுழையும் வாயுவைவிட வெளியேறும் வாயுவில் தனிமப் பாதரசம் (சேர்மமாகாத, நீரில் கரையாத வடிவம்) அதிகம். கரைசலில் கரைந்த பாதரசத்தை அங்குள்ள சல்பைட்டு தனிம வடிவுக்கு ஒடுக்கி மீண்டும் ஆவியாக்குகிறது என்பது என் கணிப்பு. அனல்மின் நிலையப் புகைக்கான 2015 விதியின், கனமீட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாதரசம் என்ற வரம்பைத் தாண்டவில்லை. ஆனாலும் போக்கு சரியில்லை.

அளவீட்டுக் கருவியைச் சரிபார்த்தாயிற்று. பாதரசம் கரையும் வடிவுக்கு மாறட்டும் என்று நிலக்கரியில் கால்சியம் புரோமைடு தெளித்தோம். நுழைவாயிலில் தனிமப் பாதரசம் குறைந்தது, வெளியே குறையவில்லை. சல்பைட்டைக் குறைக்க எஃப்ஜிடியின் கரைசல் தொட்டியில் காற்றைக் கூட்டியும் பயனில்லை. பாதரசத்தை ஈர்த்துப் பிடிக்கும் கிளர்வுற்ற கரித்தூளைத் தூவினால் சாம்பல் கறுத்துவிடுகிறது. சாம்பலை வாங்கும் சிமெண்ட் ஆலைக்காரர்கள் லாரியைத் திருப்பி அனுப்புகிறார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

கரைந்த பாதரசத்தைப் படிய வைக்கக் கரைசலில் சல்பைடு சேர்த்து இதை நிறுத்தியவர்கள் இருந்தால், எஃப்ஜிடியில் துணைப்பொருளாகக் கிடைக்கும் ஜிப்சத்தின் தரம் கெட்டதா என்று சொல்ல முடியுமா?