ஃப்ரீசரில் இருந்த ஐஸ் கட்டி எங்கே போனது? அயோடின் உருகுமா?

நிலாமுற்றம்:
வணக்கம். ஃப்ரீசர் மூலையில் ஒரு ஐஸ் ட்ரே ரெண்டு மாசமாக் கிடந்தது. நேத்து எடுத்துப் பார்த்தா கட்டியெல்லாம் சிறுத்து, ஓரம் மழுங்கியிருக்கு. கரண்ட் போய் உருகியிருந்தா மறுபடி தட்டையா உறைஞ்சிருக்கணும், அப்படியும் இல்ல. இது பதங்கமாதலா, அதாவது திடப்பொருள் உருகாம நேரா ஆவியாகறதா? பாடப்புத்தகத்தில் கற்பூரம், அந்துருண்டை, அயோடின், அம்மோனியம் குளோரைடுதான் இருக்கு.

இன்னொண்ணு. ஆய்வகத்தில் அயோடினைச் சூடாக்கினப்போ குழாயின் அடியில் கறுப்பா ஒரு திரவத்தைப் பார்த்தேன். "அயோடின் உருகாது, நீ சரியாப் பார்க்கல"ன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாளா மனசுல அதுவே ஓடுது.

படிகம்:
ஐஸும் பதங்கமாகும். ஆனா டிரை ஐஸை (உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு) பார்த்தாத்தான் விஷயம் பளிச்சுன்னு புரியும். மைனஸ் 78.5 டிகிரியில் நேரா வாயுவாகிடும், ஒரு சொட்டு திரவம் இருக்காது.

பழைய_குடுவை:
நிலாமுற்றம், நீங்க சரியாத்தான் பார்த்திருக்கீங்க. அயோடின் 113.7 டிகிரியில் உருகும், 184 டிகிரியில் கொதிக்கும். பல வருஷம் மாணவர்களோட ஆய்வகத்தில் நின்னவன் நான். மெல்லச் சூடேத்தினா ஊதா ஆவி எழுந்து, மேலே குளிர்ந்த கண்ணாடியில் மினுமினுன்னு படிகமாப் படியும். சுடரை நேரா அடியில் காட்டினா திரவம் வரும்; ஊதா ஆவி அதை மறைச்சிடறதால பலர் கவனிக்கிறதில்ல. நீங்க கவனிச்சிருக்கீங்க. அந்தப் பழக்கத்தை விட்டுடாதீங்க.

பதங்கமாதல் நாலு பொருளுக்கு மட்டும் வாய்ச்ச குணமில்ல. எந்தத் திடப்பொருளோட மேற்பரப்பிலிருந்தும் மூலக்கூறுகள் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிஞ்சு போகும். அந்த வேகத்தை ஆவியழுத்தம், அதாவது அப்படிப் பிரிஞ்ச ஆவி கொடுக்கிற அழுத்தம், சொல்லும். மைனஸ் 10 டிகிரியில்கூட ஐஸுக்கு அது சுமார் 260 பாஸ்கல். ஃப்ரீசர்ல இருக்கிற காற்றின் ஈரம் அதைவிடக் குளிர்ந்த குழாய்களில் உறைபனியாப் படிஞ்சிடும். காற்று உலர்ந்தபடியே இருக்கும், கட்டியிலிருந்து ஆவி போய்க்கிட்டே இருக்கும். மூலைகளில் மூணு பக்கமும் திறந்திருக்கறதால அவைதான் முதலில் மழுங்கும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் போதும், நேரா ஆவியாக சுமார் 2,830 ஜூல் வேணும். உங்க கட்டிக்கு ரெண்டு மாசம் ஆனதுல ஆச்சரியமே இல்ல.

டிரை ஐஸ் ஏன் உருகறதில்லன்னா, மும்மைப் புள்ளியைப் பார்க்கணும், அதாவது திடம், திரவம், வாயு மூணும் ஒண்ணா இருக்கக்கூடிய அழுத்தமும் வெப்பநிலையும். கார்பன் டை ஆக்சைடுக்கு அந்த அழுத்தம் 5.1 வளிமண்டலம். அதுக்குக் கீழே திரவம் நிலைக்காது. நம்மைச் சுத்தி இருக்கிறதோ 1 தான். தண்ணிக்கு வெறும் 611 பாஸ்கல். அழுத்தத்தை அதுக்கும் கீழே இறக்கிட்டா ஐஸும் உருகாம ஆவியாகும். மருந்துகளையும் உணவையும் உறையவச்சு உலர்த்தறது இப்படித்தான். அயோடினோட மும்மைப் புள்ளி அழுத்தம் வளிமண்டலத்தில் எட்டில் ஒரு பங்கு மாதிரி. அதனால்தான் குழாயில் திரவம் வந்தது.

அம்மோனியம் குளோரைடை அந்தப் பட்டியலில் சேர்க்கறது எனக்கு ஒப்பாது. சூட்டில் அது அம்மோனியாவாவும் ஹைட்ரஜன் குளோரைடாவும் பிரிஞ்சு, குளிர்ந்த இடத்தில் மறுபடி சேருது. அது வேதிமாற்றம்.

நிலாமுற்றம்:
ரொம்ப நன்றிங்க ஐயா, மனசு லேசாச்சு. ரெண்டு கிண்ணத்தில் ஒரே அளவு ஐஸ் வச்சு, ஒண்ணை மூடி, ஒண்ணைத் திறந்து வாராவாரம் எடை பார்க்கப்போறேன். டிரை ஐஸிலும் இதையே செய்யலாமா?

பழைய_குடுவை:
டிரை ஐஸை எதிலும் இறுக மூடவே கூடாது. வாயு பெருகி பாத்திரம் வெடிச்சிடும். காற்றோட்டமில்லாத அறையிலும் வேண்டாம், வெறும் கையாலும் தொடாதீங்க. ஐஸ் சோதனையைத் தாராளமாச் செய்யுங்க. எடை பார்க்கும்போது மூடின கிண்ணத்தோட மூடியைத் திருப்பி உள்பக்கம் பாருங்க, உறைபனி படிஞ்சிருக்கான்னு.