மாத்திரையை நிறுத்திவிடும் சுகர் நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது?

டெல்டா செவிலி:

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்.சி.டி. (தொற்றா நோய்) நர்ஸாக இருக்கிறேன். வார்டு வேலையிலிருந்து இங்கே மாறி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. 30 வயது தாண்டியவர்களுக்குச் சுகரும் பிரஷரும் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, புத்தகத்தில் எழுதுவது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று காலை முழுக்க வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது.

என் கவலை இதுதான். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள், ஆனால் ஒன்றும் மாறுவதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற ஓர் அம்மா இருக்கிறார், ஐம்பது வயது தாண்டியவர். எப்போது பார்த்தாலும் சுகர் 280, 300. கேட்டால் "ஒழுங்காத்தான் சாப்பிடுறேன் சிஸ்டர்" என்பார். வீட்டுக்கு மருந்து கொண்டுபோகும் தன்னார்வலர் சொல்லித்தான் தெரிந்தது, மாடத்தில் அட்டை அட்டையாக மாத்திரை பிரிக்காமல் கிடக்கிறதாம். இன்னொருவர் எழுபது வயது விவசாயி. காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது, செருப்புப் போடுங்கள் என்றால் "வயல்ல யாரும்மா செருப்புப் போட்டு நடப்பா" என்று சிரிக்கிறார். மூன்றில் ஒருவராவது "இந்த மாத்திரையைத் தின்னா கிட்னி போயிடுமாம்" என்கிறார்கள்.

திட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. திட்டினால் அடுத்த மாதம் வராமலே போய்விடுவார்கள் என்றும் பயம். அனுபவம் உள்ளவர்கள் எப்படிப் பேசுகிறீர்கள்? அந்த அம்மாவின் முகம் கண்ணிலேயே நிற்கிறது.

---

டயாலிசிஸ் ஸ்டாஃப்:

சிஸ்டர், நான் டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். பத்து வருடம் சுகரைக் கவனிக்காமல் விட்டு, கடைசியில் என்னிடம் வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்கிறார்கள். "அப்பவே யாராவது அடிச்சுச் சொல்லியிருக்கலாமே" என்று அழுகிறார்கள். அதனால் மென்மையாகப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விரல் எடுத்த காலின் படத்தைக் காட்டுங்கள், டயாலிசிஸ் வார்டுக்கு ஒரு நாள் கூட்டி வந்து காட்டுங்கள். பயம் வந்தால்தான் மாத்திரை உள்ளே போகும்.

---

பழைய கம்யூனிட்டி நர்ஸ்:

தங்கச்சி, நான் கிராம நர்ஸாகச் சேர்ந்து, பிறகு பெரிய ஆஸ்பத்திரி சுகர் கிளினிக்கில் இருந்து ஓய்வு பெற்றவள். உன் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த நூறு நாள் வேலை அம்மா. அவருக்கு மெட்பார்மின்தானே போகிறது? காலையில் அதைப் போட்டால் சிலருக்கு வயிறு கலக்கும், இரண்டு மூன்று முறை போக வேண்டி வரும். அவர் வேலை செய்வது வாய்க்கால் கரை, ஏரிக்கரை. சுற்றிப் பத்து ஆண்கள், மறைவுக்கு ஒரு கருவேலம்புதர். அங்கே எங்கே போவார்? இதை உன்னிடம் வரிசையில் நின்றுகொண்டு, பின்னால் ஊர்க்காரர்கள் கேட்க, எப்படிச் சொல்வார்? அதனால் "ஒழுங்காத்தான் சாப்பிடுறேன்" என்கிறார். இந்த அம்மா இதனால்தான் நிறுத்தினார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இப்படி நிறுத்திய பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நடுவிலோ முடித்த கையோடோ போடச் சொன்னால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். மீதிப் பேருக்கு டாக்டரிடம் சொல்லி, மெதுவாகக் கரைகிற எஸ்.ஆர். மாத்திரையாகவோ இரவு வேளைக்கோ மாற்றிக் கொடுக்கலாம். நீ அறிவுரையே சொல்ல வேண்டாம், டாக்டரிடம் அவருக்காக ஒரு வார்த்தை பேசினால் போதும்.

பிரஷருக்கு நீர் மாத்திரை போடுகிற பெண்கள் பஸ்ஸில் போகிற நாளெல்லாம் அதை விட்டுவிடுவார்கள். காரணம் கேட்காமலே உனக்குப் புரிந்திருக்கும். விரதம் இருக்கிற அம்மாக்கள் கதை வேறு. கிருத்திகை அன்று சாப்பிடாமல் கிளிபென்கிளமைடோ கிளிமிபிரைடோ என்கிற சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய், சுகர் இறங்கி, வேர்த்துக் கொட்டிப் பிராகாரத்தில் மயங்கி விழுந்திருப்பார்கள். அதற்குப் பிறகு அந்த மாத்திரையைத் தொடுவார்களா? சுகர் 70-க்குக் கீழே போனால் என்ன ஆகும், உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். விரத நாளில் என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதிக் கொடு. விரதத்தை விடு என்று மட்டும் சொல்லாதே, மாத்திரையைத்தான் விடுவார்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். வயதானவர்கள் மாத்திரைக்காகப் பஸ் ஏற வேண்டாமே! ஆனால் மாத்திரை வீட்டுக்குப் போவது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு. அந்த இடைவெளியில் தன்னார்வலரும் நீயும்தான் நிற்கிறீர்கள்.

அதனால் "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்காதே. அதற்கு ஆமாம் என்ற ஒரே பதில்தான் வரும். "நிறைய பேருக்கு இடையில ரெண்டு மூணு நாள் விட்டுப்போகும்மா. போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பார். தப்புச் செய்தவராக அவரை நிறுத்தாமல் கேட்டால் உண்மை வரும்.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். அதைக் கேட்டுச் சிரிக்காதே, கோபப்படாதே. அவர்கள் கண்ணால் பார்த்தது அது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிட்டார், அப்புறம் கிட்னி போனது. நடுவே எத்தனை வருடம் சுகர் ஏறிக் கிடந்தது என்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. "கிட்னி மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறை இருக்கிறது நல்லதும்மா, வாங்க டெஸ்ட் எடுத்தே பார்த்துடலாம்" என்று கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க ஏற்பாடு செய். ரிசல்ட்டை அவர் கையில் கொடுத்து விளக்கு. கூடவே, மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற டைக்ளோபினாக் பற்றிக் கேள். கிட்னியைக் கெடுக்கிற மாத்திரை அதுதான், அதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

இன்னொன்று. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் பேசுவதற்காக ஒரு முறையை எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர்ந்து அதை வளர்த்தார். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதில் நான் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு கேள்வி. "தினமும் நடக்கணும்னு உங்களுக்கு எவ்வளவு தோணுது? பூஜ்யத்திலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க." அவர் நான்கு என்பார். உடனே "ஏன் நாலுதான், ஏன் எட்டு இல்லை?" என்று கேட்கத்தான் நமக்கு வாய் வரும். அப்படிக் கேட்டால் முட்டி வலி, வேலை, மழை, நாய் என்று நடக்காததற்குக் காரணமாக அடுக்குவார். "ஏன் நாலு சொன்னீங்க, ஒண்ணு சொல்லலையே?" என்று கேள். "பொண்ணு கல்யாணம் தை மாசம் சிஸ்டர், அதுக்குள்ள கொஞ்சம் தெம்பா இருக்கணும்" என்று அவர் வாயாலேயே வரும். அதற்குப் பிறகு நீ பேசுவதெல்லாம் அந்தக் கல்யாணத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும், சுகரைப் பற்றி அல்ல.

டயாலிசிஸ் தம்பிக்கு: உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. "அடிச்சுச் சொல்லியிருக்கலாமே" என்று அழுகிறார்கள் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அவர்களில் பலரிடம் ஒருகாலத்தில் யாரோ கத்தித்தான் இருப்பார்கள். பயந்தவர்கள் டெஸ்ட்டுக்கு முந்தின இரண்டு நாள் கஞ்சியும் கீரையுமாக இருந்துவிட்டு 130 என்று காட்டுவார்கள். அதனால்தான் எச்.பி.ஏ.1.சி. பார்க்கிறோம், அது மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும். பயம் காட்டினால், அதே மூச்சில் அவரால் இன்றைக்கே செய்ய முடிகிற ஒரு காரியத்தையும் கையில் கொடுக்க வேண்டும். அது இல்லாத பயம் அவரை நம்மிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் வைக்கும்.

---

தறிக்காரர்:

நான் நர்ஸ் இல்லை, நோயாளி. ஈரோடு பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நானும் சொல்லலாம் என்று வந்தேன்.

முன்பு ஒரு இடத்தில் காட்டிக்கொண்டிருந்தேன். அங்கே வரிசையில் எல்லோர் முன்னாலும் "உனக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது" என்று கத்தினார்கள். வயது வந்த பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அதோடு மாத்திரை வாங்கப் போவதையே விட்டுவிட்டேன். எனக்குச் சுகர் மேல் கோபம் இல்லை, அந்த இடத்துக்குப் போகத்தான் கால் வரவில்லை.

இப்போது பார்க்கிற நர்ஸம்மா முதல் நாள் சாப்பாட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "ராத்திரி ஷிஃப்ட்ல தூக்கம் எப்படி அண்ணா சமாளிக்கிறீங்க?" என்றுதான் கேட்டார். டீதான் என்றேன். எத்தனை என்றார். ராத்திரிக்கு ஆறு, பகலில் இரண்டு. டீக்கு இரண்டு ஸ்பூன் என்று அவரே கணக்குப் போட்டு, பதினாறு ஸ்பூன் சர்க்கரையை ஒரு டம்ளரில் அள்ளிக் காட்டினார். பார்த்ததும் பேச்சு வரவில்லை. "இதுல எந்த டீயில சர்க்கரை இல்லாட்டி உங்களால தாங்க முடியும்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் விடுங்கள் என்று சொல்லவே இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணி டீ மட்டும் எனக்குச் சர்க்கரையோடு வேண்டும் என்றேன், சரி என்று எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் மறக்காமல் அதைத்தான் கேட்டார். இப்போது அந்த ஒரு டீயைத் தவிர எல்லாம் சர்க்கரை இல்லாமல்தான். நாமே சொன்ன வார்த்தை என்பதால் மீற மனசு வருவதில்லை.

---

பேலியேட்டிவ் அக்கா:

வீடு வீடாகப் போகிறவள் நான், அந்த எழுபது வயது விவசாயிக்காக எழுதுகிறேன். சேற்றில் செருப்புப் போட முடியாது என்று அவர் சொல்வது உண்மைதான், அதில் அவரோடு வாதாடாதீர்கள். வரப்பிலும் களத்திலும் வீட்டுக்குள்ளும் போட வைப்பது நம்மால் முடியும். எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி உள்ளது), பின்னால் வார் உள்ளதாக, எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி இல்லாத கால் சாதாரண ரப்பர் செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடந்துவிடும். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் கோயில் பிராகாரம் சுற்றிப் பாதம் கொப்பளித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குச் சூடே தெரியவில்லை. காலையில் போய் வரச் சொல்லுங்கள்.

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற நைலான் இழை, பத்து கிராம் மோனோஃபிலமென்ட், இருக்கிறதா உங்களிடம்? அவர் கண்ணை மூடச் சொல்லி, முதலில் உள்ளங்கையில் தொட்டுக் காட்டுங்கள், பிறகு பாதத்தில் வையுங்கள். எங்கே தெரியவில்லை என்று அவருக்கே விளங்கும்போது அவர் முகம் மாறும். ராத்திரி பாதம் பார்க்கிற வேலையைப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். குனிந்து பார்க்கத் தாத்தாவால் முடியாது. பேத்தி டார்ச் அடித்துப் பார்த்து "தாத்தா, இங்க முள்ளு" என்று சொல்கிற வீட்டில் புண் பெரிதாவதற்குள் நமக்குச் செய்தி வந்துவிடுகிறது.

உப்புக்கும் ஒரு வழி சொல்கிறேன். "உப்பு குறைங்க" என்றால் யாருக்கும் அளவு தெரியாது. வீட்டில் எத்தனை பேர், ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். நாலு பேர் வீட்டில் ஒரு பாக்கெட் 50 நாள் வர வேண்டும். அதிலும் ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் இருக்கிற உப்பு சேராது. பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள், அந்த வீட்டு அம்மாக்களே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

---

டெல்டா செவிலி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தறிக்கார அண்ணா, நீங்கள் எழுதியதை எங்கள் டாக்டருக்கும் காட்டினேன். அந்த அம்மாவை நேற்று வரிசை முடிந்த பிறகு தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். வயிற்றுப்போக்குதான் அக்கா, நீங்கள் சொன்ன அதே காரணம். வெகுநேரம் தலை நிமிரவே இல்லை. இரவுச் சாப்பாட்டோடு போடுகிற மாதிரி டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் எல்லோரையும் இப்படித் தனியாக உட்கார வைக்க நேரம் இல்லை. பிரஷர் பார்க்கிற நேரத்திலேயே பேசிவிடலாமா?

---

பழைய கம்யூனிட்டி நர்ஸ்:

கேட்கவே நன்றாக இருக்கிறது தங்கச்சி. பிரஷர் பார்க்கும்போது மட்டும் பேசாதே, அவரையும் பேச விடாதே. பேசினால் அளவு ஏறிக் காட்டும், வீணாக மாத்திரை கூடும். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும். விரலில் குத்திச் சுகர் பார்க்கிற நேரமும் புத்தகத்தில் எழுதுகிற நேரமும் பேச்சுக்குப் போதும். எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்தில் அவர் சொன்ன ஒரு காரணத்தையும் சேர்த்து எழுது: "தை மாதம் மகள் கல்யாணம்", "பன்னிரண்டு மணி டீ". நீ லீவில் இருந்தாலும் அடுத்து உட்காருகிற நர்ஸ் அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். அந்த அம்மாவை ஒரு மாதம் காத்திருக்க விடாமல், இரண்டு வாரத்தில் வயிறு எப்படி இருக்கிறது என்று தன்னார்வலரை விட்டு விசாரிக்கச் சொல். அப்போதும் தொந்தரவு இருந்தால் எஸ்.ஆர். மாத்திரை கேள்.