சிலிக்கன் மேல எல்இடி வளர்த்தவங்க உங்க கதையச் சொல்லுங்க

நான் ஆரம்பிக்கறேன். சிலிக்கன் வேஃபர் (மெல்லிய வட்டத் தட்டு) மேல காலியம் நைட்ரைடு நானோ கம்பி வளர்த்து எரிய வைக்கறதுதான் என் பிஹெச்டி வேலை. சிலிக்கனுக்குத் தானா ஒளிரத் தெரியாது, குடுக்கற கரண்ட்ல பெரும்பகுதிய சூடாக்கிடும். அதான் ஒளிர்ற பொருள மேல வளர்க்கறோம். ரெண்டோட அணு அடுக்குக்கும் 17% ஒத்துப்போகாது. கம்பி ஒல்லியா இருந்தா பக்கவாட்டுல நெகிழ்ந்து குடுத்து அந்த இழுவையச் சமாளிச்சிடும்.

கம்பிகள் அருமையா வந்துச்சு, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்தா நாத்தங்கால் மாதிரி. இடைவெளிய பாலிஇமைடால (கரண்ட் கடத்தாத பிளாஸ்டிக்) நிரப்பி, மேல ஐடிஓ (ஒளி ஊடுருவற, கரண்ட் கடத்தற படலம்) போட்டு, 10 வோல்ட் வரைக்கும் ஏத்தினேன். கும்மிருட்டு. நாத்தங்கால்னு சொன்னேன்ல, அதுதான் பிரச்சினையே. ஒரே உயரமா வளரல. குட்டையெல்லாம் பாலிஇமைடுக்குள்ள புதைஞ்சு கிடந்திருக்கு. ஆக்சிஜன் பிளாஸ்மால இன்னும் அரிச்சேன். கூடிப்போச்சு. ஐடிஓ ஜங்ஷனுக்கு, அதாவது கம்பில ஒளி பிறக்கற இடத்துக்கு, கீழ வரை இறங்கி ஷார்ட். நாலாவது சாம்பிள்லதான் எரிஞ்சுது. வெறுங்கண்ணுக்கு மங்கலான பச்சை. மைக்ரோஸ்கோப்ல பாத்தா விட்டு விட்டு புள்ளிகள், ஒண்ணு நீலம், ஒண்ணு மஞ்சள், ஏன்னா நிறத்த முடிவு பண்ற இண்டியம் எல்லாக் கம்பியிலயும் சமமா ஏறல. கைடுகிட்ட "பச்சை எல்இடி"ன்னுதான் சொன்னேன் :)

*

தம்பி, கம்பியாவது பரவால்ல. நான் எம்ஓசிவிடில (வாயுக்கள வெச்சுப் படலம் வளர்க்கற கருவி) படலமாவே வளர்த்தவன். 1000 டிகிரில வளர்த்து ஆற விட்டா, காலியம் நைட்ரைடு சிலிக்கன விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு சுருங்கும். வெளிய எடுத்தா வத்தின குளத்து மண்ணு மாதிரி வெடிப்பு. அதவிடக் கொடுமை, ஒரு நாள் அவசரத்துல முதல் அலுமினியம் நைட்ரைடு அடுக்கப் போடாமலே ஓட்டிட்டேன். காலியம் நேரா சிலிக்கனத் தொட்டா அதையே கரைச்சுத் தின்னும். வேஃபர் முழுக்க குழி குழியா, கறுப்பா. அந்த வேஃபர இன்னும் மேஜைல வெச்சிருக்கேன்.

*

அண்ணா, நீங்க ரெண்டு பேரும் வளர்த்ததச் சொல்றீங்க, நான் அதுக்கு முன்னாடியே மாட்டினவ. ஆக்சைடு எடுக்க வேஃபர எச்எஃப்ல (ஹைட்ரோஃபுளூரிக் அமிலம்) முக்குவோம்ல, என் கையுறைல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அப்ப வலியே இல்ல. சாயங்காலம் நகக்கண்ணுல குத்த ஆரம்பிச்சப்பதான் புரிஞ்சுது. எச்எஃப் பட்டா தடவற கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லத் தேடி எடுத்தா, தேதி முடிஞ்சு ரெண்டு வருஷம். அதையே தடவிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். விரல் தப்பிச்சுது. இன்னிக்கு லேபுக்குப் போனதும் அந்த டப்பாவ ஒரு தடவை எடுத்துப் பாருங்க.