எட்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன? அனுபவம் உள்ள பெற்றோர் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்குத் தரும் 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி.யில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள். இப்போது எட்டாம் வகுப்பு. போன வாரம் பள்ளியில் கூப்பிட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம் என்றார்கள். எனக்குத் தலை சுற்றிவிட்டது.

2009ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான், எட்டாம் வகுப்போடு முடிகிறது என்பதை நானே தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சேர்க்கை அறிவிப்பில் 'இலவசக் கல்வி' என்ற சொல்தான் என் கண்ணில் பட்டது. எல்லை எங்கே என்று யாரும் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கே இப்படியென்றால், என்னோடு தையல் வேலை செய்யும் பெண்களுக்கு எப்படித் தெரியும்?

அரசுப் பள்ளியில் சேர்க்க முடிவு செய்துவிட்டேன். இந்த ஒதுக்கீட்டில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் தரும் மாதம் 1,000 ரூபாயும், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டாம். இவ்வளவு நல்ல செய்தியை ஏன் வீடு தேடி வந்து சொல்லக்கூடாது?

இப்படி மாறிய பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா? ஒதுக்கீட்டில் படித்ததற்கான சான்றை யாரிடம், எப்போது வாங்கினீர்கள்? உங்களுக்கு இந்த விவரமெல்லாம் முதலில் யார் மூலம் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். அவற்றைத் திரட்டி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கப்போகிறேன்.