வேலியோரச் சப்பாத்திக்கள்ளியை வெட்டுவதா, விடுவதா?

மல்லிகைப்பந்தல்:
டெக்சாஸில் சான் அந்தோனியோ பக்கம் வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். பின்வேலி முழுக்க நம்மூர் சப்பாத்திக்கள்ளி மாதிரியே ஒன்று, இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. மகன் பந்து எடுக்கப் போய் கையெல்லாம் முள். வீட்டுக்காரர் வெட்டிவிடலாம் என்கிறார், பக்கத்து வீட்டு மெக்சிகோ பாட்டியோ வெட்டாதே, சமைக்கலாம் என்கிறார். நிஜமாகவே சாப்பிடுவார்களா?

கரிசல்காட்டான்:
வெட்டாதீர்கள் சகோதரி. நம்மூருக்குத்தான் அது வந்தேறி, அங்கே அது மண்ணின் செடி. டெக்சாஸ் 1995-இல் அதை மாநிலச் செடியாகவே அறிவித்துவிட்டது. மழை பொய்த்த வருடங்களில் பண்ணைக்காரர்கள் காஸ் தீயில் முள்ளைப் பொசுக்கி மாட்டுக்குப் போடுவார்கள். மடலில் பெரும்பாலும் தண்ணீர்தான், சத்து போதாது என்று கூடவே பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் வைப்பார்கள். பழங்குடி மக்கள் மடலைப் பிளந்து காயத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதன் கொழகொழப்பைச் சுண்ணாம்புப் பூச்சில் கலப்பதும் உண்டு, அரிசோனாவில் சான் சேவியர் தேவாலயத்தைப் பழுதுபார்த்தபோதுகூட அப்படித்தான் பூசினார்கள். நாம் கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்போமே, அது மாதிரி.

அடுப்படி:
நான் வாரம் ஒருமுறை சமைக்கிறேன். வசந்தத்தில் துளிர்க்கும் உள்ளங்கை அளவு இளமடல்தான் வேண்டும், முற்றியது நார். பெரிய முள்ளைவிட அதன் அடியில் கொத்தாக இருக்கும் சுணைதான் ஆபத்து, கண்ணுக்கே தெரியாது, அதனால் கனமான கையுறை போட்டு, இடுக்கியால் பிடித்து, கத்தியால் கணுக்களைச் சீவி, ஓரத்தையும் சுற்றி நறுக்கிவிட்டுக் கழுவுங்கள். அப்புறம் வெண்டைக்காய் வதக்குவது போலத்தான், கொழகொழப்பு வற்றும்வரை விட்டு வெங்காயம், பச்சைமிளகாய், முட்டை சேர்த்தால் போதும். காலையில் பறித்தால் புளிக்கும், ஏனென்றால் இந்தச் செடி இரவில்தான் காற்றை இழுத்து அமிலமாகச் சேர்த்து வைக்கிறது. பிற்பகலில் பறியுங்கள். கோடைக் கடைசியில் பழம் வரும், பிழிந்து வடிகட்டினால் அருமையான ஜெல்லி.

மகன் கையில் இன்னும் குத்துகிறதா? தெரிவதை இடுக்கியால் எடுத்துவிட்டு, வெள்ளைப் பசை தடவிக் காய்ந்ததும் உரியுங்கள், மிச்சமும் வந்துவிடும்.

சாயப்பட்டறை:
மடலில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் நசுக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பு வரும். சாயம் எடுக்கும் கோச்சினீல் பூச்சி அது. உங்கள் வேலியில் இருப்பது காட்டு வகைப் பூச்சி, சாயம் குறைவு. நல்ல வகையை மெக்சிகோவின் வஹாக்கா பகுதி மக்கள் காலங்காலமாக வளர்த்தார்கள், ஸ்பானியர் காலத்தில் மெக்சிகோவிலிருந்து வெள்ளிக்கு அடுத்தபடி விலைபோன சரக்கு அது. கிழக்கிந்தியக் கம்பெனி அந்த ஆசையில் 1795-இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது வேறு வகைப் பூச்சி. சாயம் தேறவில்லை, கள்ளியைத் தின்று தீர்த்துவிட்டது.

மல்லிகைப்பந்தல்:
பசை வைத்தியம் பலித்தது, ரொம்ப நன்றி! பந்து விழும் மூலையை மட்டும் வெட்டச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பாட்டியோடு இளமடல் பறிக்கப் போகிறேன், பிற்பகலில்தான்.